வளைவில் நேராகப் போன வண்டி

ஜூன் 4, செவ்வாய்

புது வண்டி வந்து இன்றோடு பதினேழு நாள். சீட்டு உறையின் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. டாக்டர் ஜன்னலைத் திறந்து வைத்தபடியே வருகிறார். ரத்தப் பரிசோதனை பார்க்கிற லேப் அக்கா மட்டும், "இந்த வாசனைக்கே தினமும் வேலைக்கு வரலாம்" என்கிறாள். பக்கவாட்டில் 'நடமாடும் மருத்துவமனை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. பழைய வண்டியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அது நடமாடியதைவிட நின்றதுதான் அதிகம்.

கியருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் திருகு. அதில் நான்கு படம்: சாதாரண ரோடு, மணல், சேறு, பாறை. எந்தப் படத்தில் வைக்கிறோமோ அதற்குத் தக்கபடி வண்டி தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. மணலில் வைத்தால் சக்கரம் கொஞ்சம் வீணாகச் சுற்றினாலும் எஞ்சினை அடக்காமல் ஓட விடுகிறது. பாறையில் வைத்தால் எவ்வளவு மிதித்தாலும் அவசரப்படாது, பூனை மாதிரி அடியெடுத்து வைக்கும். மனுஷங்களுக்கும் இப்படி ஒரு திருகு இருந்தால் எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பேச்சும் தேய்த்து அளந்த மாதிரிதான் வரும். "உன் திருகுல சாதாரணம்னு ஒரு படமே இருக்காது" என்றார்.

இந்த வண்டிக்கு யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது நான்கு ஆண் டிரைவர்கள் இருந்தும் மேற்பார்வையாளர் சார் என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார். "அந்தம்மா ஓட்டினா மருந்து பாட்டில் உடையாம வருது" என்றாராம். நால்வரும் அன்றிலிருந்து என் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள் — வண்டியின் பின்பக்கத்தை. எங்கே இடிக்கும் என்று.

சாயங்காலம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது லேசாக ஒரு டக்டக். பணிமனையில் டார்ச்சிடம் விட்டேன். எப்போதும் வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டே வேலை செய்வதால் மெக்கானிக்குக்கு அந்தப் பெயர். என்னைவிட ஐந்து வயது சின்னவன். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் முனையில் தேய்மானமாம். புதுசு போட்டுக் கொடுத்தான். டக்டக் போய்விட்டது.

ஜூன் 6, வியாழன்

மேல் குடியிருப்புக்குப் புது வண்டியில் இன்றுதான் முதல் தடவை. ஓடை தாண்டியதும் வருகிற ஏற்றத்தை மழைத்தண்ணீர் அரித்துப் பள்ளமாக்கி வைத்திருக்கிறது. பின் இடது சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. மிதித்தேன். தூக்கிய சக்கரம் காற்றில் பம்பரமாகச் சுற்றுகிறது. தரையில் ஊன்றி நிற்கிற சக்கரம் சும்மா கிடக்கிறது. எந்தச் சக்கரத்துக்குச் சுமையில்லையோ அதற்கே எல்லாச் சக்தியும் போய்ச் சேருகிறது. என்ன நியாயமோ.

டிஃப் லாக் பொத்தானை அழுத்தினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இரண்டு பின்சக்கரமும் ஒரே அச்சாகப் பிணைந்துகொண்டு, தரையில் இருந்தது மண்ணைக் கவ்வ, வண்டி முனகிக்கொண்டே மேலேறியது. லேப் அக்கா பின்னாலிருந்து கைதட்டினாள்.

திரும்பியதும் டார்ச்சிடம் சொன்னேன். அவனுக்கும் சந்தோஷம். "ஆனா கெட்டித் தரை வந்ததும் எடுத்துடணும் அக்கா. வளையும்போது வெளிச்சக்கரம் கூட ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். லாக் அதுக்கு விடாது. நீங்க பாட்டுக்குத் திருப்புவீங்க, அது பாட்டுக்கு நேரா போகும்."

"தெரியும் தம்பி" என்றேன். தெரியும்தான்.

ஜூன் 11, செவ்வாய்

மழை. வண்டி எடுக்கவில்லை. உட்காரவும் முடியவில்லை.

ஜூன் 13, வியாழன்

லேப் அக்காவுக்குக் காறையெலும்பு முறிந்துவிட்டது. டாக்டருக்கு உதட்டில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஒன்றுமே இல்லை.

ஜூன் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எங்காவது ஓரிடத்திலாவது இருக்கட்டும்.

மேல் குடியிருப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். திருகு சேற்றில், கியர் மெதுகியரில். பாதி வழியில் பின்சக்கரம் மறுபடி பள்ளத்தில் மாட்டியது. லாக் போட்டேன், வெளியே வந்தேன். அதுவரை எல்லாம் சரி. அப்போது லேப் அக்கா, ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஆறடி ஆள், அவருடைய இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். மண் முடிந்து சிமென்ட் பாதை தொடங்கியது. இடதுபக்கம் கொண்டை வளைவு. திருப்பினேன். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. முன்சக்கரங்கள் திரும்பிக் கிறீச்சிட்டன. வண்டி திரும்பவில்லை. நேராக, நிதானமாக, ஏதோ அங்கேதான் போகவேண்டும் என்பதுபோல, வலதுபுறக் கால்வாயில் இறங்கி மோதி நின்றது. ரத்த மாதிரிப் பெட்டியைப் பிடிப்பதற்காக அக்கா பெல்ட்டைக் கழற்றியிருந்தாள். தோள் இரும்பு அலமாரியில் அடித்தது.

அந்த முனகல். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் —

நிமிர்ந்தேன். ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் பின்பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல் போய்ப் பொத்தானை அழுத்தியது. விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் "அக்கா, அக்கா" என்று பின்னால் ஓடினேன்.

முதலில் விளக்கு. அப்புறம்தான் அக்கா. இந்த வரிசையை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஜூன் 17, திங்கள்

விசாரணை. சார் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"வளைச்சேன் சார். வரல."

"ஸ்டியரிங் வேலை செய்யலையா? இப்பத்தானே ஏதோ மாத்தினாங்க?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம் சார். டை ராட்."

அவ்வளவுதான் பேசினேன். அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வளைத்தேன், வரவில்லை. டை ராட் மாற்றினார்கள். எல்லாம் நிஜம். நிஜத்தை மட்டுமே அடுக்கி இவ்வளவு பெரிய பொய்யைக் கட்ட முடியும் என்று எனக்கு இத்தனை வயதுவரை தெரியாது.

ஜூன் 19, புதன்

டார்ச்சை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வண்டியைப் பணிமனை மூலையில் கயிறு கட்டி வைத்தாயிற்று. மேலிடத்திலிருந்து ஆள் வந்து பரிசோதிக்கிறவரை யாரும் தொடக்கூடாதாம்.

நால்வரில் ஒருவர் என்னிடம் வந்து, "நல்லவேளை, உங்க தப்பு இல்ல. இல்லேன்னா பொம்பளை கையில வண்டி குடுத்தா இப்படித்தான்னு நாங்களே பேசியிருப்போம்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஜூன் 20, வியாழன்

மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். பரணைத் துடைத்தேன். துடைத்த பரணை மறுபடி துடைத்தேன்.

ஜூன் 22, சனி

லேப் அக்கா வீட்டுக்குப் போனேன். கையைத் தூளிபோட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். இடக்கையால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பாதி தரையில் சிந்தியது.

"நீ மட்டும் சமயத்துல பிரேக்கைப் போடலைன்னா என் கதை முடிஞ்சிருக்கும்டி. அம்மாகிட்டக்கூடச் சொன்னேன், புள்ள கெட்டிக்காரி, பாழாப்போன வண்டிதான் ஏமாத்திடுச்சுன்னு. உனக்கு எப்படி நன்றி சொல்றது?"

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்து என் தலையைத் தடவினார்கள். நான் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஏழு கிலோமீட்டர்.

ஜூன் 25, செவ்வாய்

மருந்துக்கடை வரிசையில் டார்ச் எனக்கு முன்னால் நின்றிருந்தான். முகச்சவரம் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க வளைக்கும்போது ஸ்டியரிங் லேசா இருந்துச்சா, கனமா இருந்துச்சா?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "கனமா."

ராட் கழன்றிருந்தால் ஸ்டியரிங் கையில் லேசாகச் சுற்றும், பட்டம் அறுந்த நூல் மாதிரி. கனத்தது என்றால் சக்கரம்வரை எல்லாம் பிணைந்துதான் இருந்தது. எனக்கு இது தெரியும். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"டயர் சத்தம் போட்டுச்சா?"

"ம்."

தலையை ஆட்டிக்கொண்டான். கோபமாகப் பார்ப்பான் என்று நின்றேன். அவன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பன்னெண்டு நாளா தூங்கல அக்கா. ராட் முனை கழலாம பூட்டுற பின்னைப் போட்டேனா, மறந்தேனா? போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. என் கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வேற எடத்துல ஒருத்தர் வேலைக்குக் கூப்பிட்டார். ஸ்பேனரைத் தொடப் பயமா இருக்குன்னு போகல."

அப்புறம், "சரி" என்றான். வரிசையின் கடைசியில் போய் நின்றான். லாக் என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் 26, புதன்

அவன் இன்று போய்ச் சொல்லிவிடுவான். சொல்லட்டும்.

சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? நான் சொல்லவேண்டும் என்று காத்திருக்கிறானா? சொன்னால் நம்பமாட்டார்கள் என்று நினைக்கிறானா? வேலை பறிபோகிற பயத்தில் பழியைத் திருப்புகிறான் என்றுதான் பேசுவார்கள். எனக்காக நால்வரும் வந்து பேசுவார்கள். இதுவரை எனக்காக ஒன்றும் பேசாதவர்கள்.

ஜூன் 27, வியாழன்

காலையில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பாதி சவரத்தில் இருந்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு கடைசிவரை கேட்டார்.

"பரிசோதனைக்கு ஆள் வராங்கல்ல? பின் இருக்கறதை அவங்களே பாத்துச் சொல்லிட்டா அந்தப் பையன் தப்பிச்சுடுவான். உன் பேரும் அடிபடாது. நாலு நாள் பொறுத்துப் பாரேன்."

நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்தால் கோழைத்தனமாக இருந்திருக்கும். அவர் வாயிலிருந்து வந்ததால் யோசனையாகத் தெரிந்தது. நாலு நாள்தானே.

மறுகன்னத்தை வழிக்க மறந்து அப்படியே கடைக்குப் போய்விட்டார்.

ஜூலை 1, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. மோதிய வேகத்தில் ராட் வளைந்து முனை உடைந்திருக்கிறது. பின் அங்கே இல்லை. மோதலில் தெறித்ததா, முதலிலேயே போடவில்லையா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. 'பழுதுபார்ப்பில் குறை இருந்திருக்க வாய்ப்புண்டு.'

வாய்ப்புண்டு. இந்த ஒரு வார்த்தையை வைத்து ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

லாக் என்று ஊகித்திருந்தாலும், நான் சொல்லாதவரை இனி அவனுக்கே உறுதியாகத் தெரியவராது. சாகும்வரை போட்டேனா, மறந்தேனா என்று கையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜூலை 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சார் அறை வாசலில் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை அவரே கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஊஞ்சலாடுறே, உள்ள வா" என்றார்.

"சார், வண்டி லாக்ல இருந்துச்சு. சேத்துல போட்டேன், சிமென்ட்டுல எடுக்க மறந்துட்டேன். அதான் வளையல. மோதினப்புறம் நான்தான் அமுக்கி அணைச்சேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அணைச்சியா?"

"ஆமா சார். லேப் அக்காவைப் பாக்கறதுக்கு முன்னாடியே."

"அன்னைக்கே சொல்லியிருந்தா கவனக்குறைவு. இன்னைக்குச் சொன்னா மறைச்சது. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

"தெரியும் சார்."

"இப்ப எதுக்குச் சொல்றே? அறிக்கையே வந்தாச்சு."

"அந்தப் பையன் தன் கையையே நம்பமாட்டேங்கறான் சார்."

அவர் எழுந்து ஜன்னலண்டை போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். "உன்னைப் போடணும்னு நான் எத்தனை பேர்கிட்ட வாதாடினேன் தெரியுமா? இனிமே இன்னொரு பொம்பளை பேரை எப்படி மேல எழுதுவேன்?"

இதற்குத்தான் பயந்தேன். பத்தொன்பது நாள் இதற்கேதான் பயந்தேன்.

"நான் பண்ணினதுன்னு எழுதுங்க சார். பொம்பளை பண்ணினதுன்னு எழுதாதீங்க."

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். நின்றுகொண்டே எழுதினேன். உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

லேப் அக்காவிடமும் நேரில் போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்லிக் கேட்டால் இன்னும் கேவலம்.

தூளியில் கிடந்த கையை மெல்ல மடியில் இறக்கி வைத்தாள்.

"தோளு போனா போகட்டும், எலும்பு கூடிடும். நான் உனக்கு நன்றி சொன்னேன் பாரு. எங்கம்மா உன் தலையைத் தடவுனாங்க பாரு. அதை வாங்கிக்கிட்டுப் போனியே, அதைத்தான்டி என்னால தாங்க முடியல."

"அக்கா —"

"கொஞ்ச நாள் வராதே."

ஜூலை 9, செவ்வாய்

மூன்று மாதம் வண்டி ஓட்டக்கூடாது. மருந்துக் கிடங்கில் வேலை. டார்ச்சை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். கிடங்கு வாசலைத் தாண்டித்தான் பணிமனைக்குப் போகவேண்டும். தாண்டிப் போனான். பார்க்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கிடங்கில் ஜன்னல் இல்லை. கட்டுத்துணி, ஊசி, கட்டுத்துணி. வெளியே எந்த வண்டி கிளம்பினாலும் எந்தக் கியரில் போகிறது என்று காது தானாகக் கணக்குப் போடுகிறது. இரண்டிலேயே இழுக்கிறான். மாத்துடா.

டார்ச் முதல் இரண்டு நாள் எல்லா வேலையையும் இன்னொரு ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னானாம். இப்போது குறைந்திருக்கிறதாம். யாரிடம் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நால்வரில் ஒருவரிடம்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலை பதினொன்று இருக்கும். கிடங்குத் தொலைபேசி அடித்தது. டாக்டர். பிரசவம் சிக்கலான ஒரு பெண்ணை மேல் குடியிருப்பிலிருந்து கூட்டிக்கொண்டு இறங்குகிறார்களாம். பள்ளத்துப் பாதை அடைத்துக் கிடப்பதால் ஆற்றுவழி வந்து மணலில் புதைந்துவிட்டதாம். சரிசெய்து வந்த அதே வண்டிதான். மாற்று டிரைவர் டவுனில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், மண்ணையே பார்க்காதவர். "நீ அவர்கிட்டப் பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

"அக்கா, மிதிக்க மிதிக்க உள்ள போகுது."

"மொதல்ல காலை எடுங்க. திருகு எந்தப் படத்துல இருக்கு?"

"ரோடு."

"மணலுக்கு மாத்துங்க. மெதுகியர் போடுங்க. எறங்கி நாலு டயர்லயும் காத்தைக் கொறைங்க, அடிப்பக்கம் நல்லா தட்டையாத் தெரியணும். சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மணலைக் கையால வாருங்க. ஸ்டியரிங் நேரா இருக்கட்டும்."

காத்திருந்தேன். போன் வழியாக அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. டாக்டர், "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்ணின் கணவன் மணல் வாருகிறான் போலிருக்கிறது. கையில் எதையாவது பிடிக்கவேண்டும் போலிருந்தது. ஒரு கட்டுத்துணிச் சுருளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆச்சு அக்கா."

"இப்ப லாக் போடுங்க. உருள்றதுக்கு முன்னாடியே போடணும். ஆரஞ்சு விளக்கு நிலையா எரியுதா? சீரா மிதிங்க, நடுவுல விடாதீங்க."

எஞ்சின் உறுமியது. தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அது விடுபட்டு மேலேறியது.

"வந்துடுச்சு அக்கா, கரைக்கு வந்துடுச்சு."

"கெட்டித் தரைதானே? லாக்கை எடுங்க."

"எடுக்கறேன்."

"எடுத்தாச்சுன்னு சொல்லுங்க."

"எடுத்தாச்சு."

"விளக்கு?"

"அணைஞ்சிடுச்சு."

"இப்ப திருப்பலாம்" என்றேன். போனை வைத்தபோது கட்டுத்துணிச் சுருள் பிரிந்து தரையெல்லாம் கிடந்தது.

பெண் குழந்தை. தாயும் நலம். சாயங்காலம் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சந்தோஷமாகத்தானே இருக்கவேண்டும்? காலையிலிருந்து கிடங்கில் மூன்று அலமாரியை இடம் மாற்றிவிட்டேன். நேற்று அத்தனை நிதானமாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவளுக்கு அன்றைக்குப் பதினைந்து விநாடி என்ன ஆனது?

செப்டம்பர் 16, திங்கள்

லேப் அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். கிடங்குக்கு வந்து கையுறை கேட்டாள். எந்த அளவு என்று கேட்டேன். "மறந்துட்டியா?" என்றாள். மறக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, போகாமல் கொஞ்சநேரம் நின்றாள். அப்புறம் போனாள்.

அக்டோபர் 10, வியாழன்

திரும்ப வண்டி. இப்போதைக்கு ரோட்டு வழிகள் மட்டும். சார் சாவியை மேசையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. பரவாயில்லை. எடுத்துக்கொண்டேன்.

லேப் அக்கா முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "நான் பேசிக்கிட்டேதான் வருவேன். நீ சிரிக்காதே" என்றாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பத்தாயிரம் கிலோமீட்டர் சர்வீசுக்காகப் பணிமனையில் வண்டியை விட்டேன். டார்ச்சிடம் கொடுக்கும்போது பேச்சில்லை. திரும்ப வண்டி எடுத்ததிலிருந்து என்ன வேலை என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன், சீட்டிலேயே எழுதித் தருவான்.

ஓரமாக நின்று சீட்டுக்குக் காத்திருந்தேன். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது. ஸ்டியரிங் மூட்டுகளைப் பார்க்கிறான் போல. மேலே ஒருவர் உட்கார்ந்து திருப்பினால்தான் அது தெரியும். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவான் என்று ஒதுங்கினேன்.

"நீங்க ஏறுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

யாரை என்று முதலில் விளங்கவில்லை. டீ குடித்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

ஏறினேன். கைபிரேக் இழுத்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். "எஞ்சினைப் போடுங்க" என்றான். போட்டேன்.

"இடது. மெதுவா. இன்னும் கொஞ்சம். நில்லுங்க." கொஞ்சநேரம் தட்டுகிற சத்தம். "இப்ப வலது."

அரைமணிநேரம் அவன் சொன்னபடி திருப்பினேன், சொன்ன இடத்தில் நிறுத்தினேன். ஒரு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி அவன் கால்கள் நீட்டியிருந்தன. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வீட்டில் படுத்திருப்பவன் மாதிரி, பாதத்தை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தான்.